ஸ்விம் மென்பொருள்: ஓடையில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று கேட்டால் சரியாகச் சொல்கிறதா?

மழைநீர் வடிகால் கணக்குக்கு நான் தினமும் திறக்கிற மென்பொருள் எஸ்.டபிள்யூ.எம்.எம். (ஸ்டார்ம் வாட்டர் மேனேஜ்மென்ட் மாடல்). பேச்சில் எல்லோரும் ஸ்விம் என்போம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிடுவது, முழுக்க இலவசம். இதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இன்ஸ்டால் செய்வது எப்படி, பைப் வரைவது எப்படி என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ரிசல்ட்டில் வரும் அந்தத் தண்ணீர் மட்டம் எங்கிருந்து வருகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த விமர்சனம்.

மார்த்தாண்டத்தில் சின்னதாக ஒரு சர்வே, டிசைன் அலுவலகம் வைத்திருக்கிறேன். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் தெரு ஓடை, சாலைக் கலுங்கு (ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலம்) வேலைகள். அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை வீட்டு மனை லேஅவுட்டுகள். எங்கள் மண்ணுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மேடும் பள்ளமுமான ஊர். மேட்டில் ரப்பர், பள்ளத்தில் ஏலா (வயல்வெளி), நடுவில் கடைத்தெரு. மேட்டிலிருந்து வரும் தண்ணீர் கடைத்தெரு ஓடை வழியாக ஏலாவுக்கும், அங்கிருந்து தோடு என்று நாங்கள் சொல்லும் சிற்றோடைக்கும், கடைசியில் குழித்துறைத் தாமிரபரணிக்கும் போய்ச் சேர வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியை வைத்துத்தான் மென்பொருளை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் என்று ஒரு கணக்கோடு சொல்கிறேன். 60 செ.மீ. அகலம், 75 செ.மீ. ஆழம் உள்ள கான்கிரீட் ஓடை. சரிவு 300க்கு 1. ஓடையின் அளவு, சரிவு, சுவரின் சொரசொரப்பு ஆகியவற்றிலிருந்து ஓட்டத்தைச் சொல்லும் மேனிங் சூத்திரத்தில் சொரசொரப்பு எண் 0.015 போட்டால், நிறைந்து ஓடும்போது வினாடிக்குச் சுமார் 620 லிட்டர் கொண்டுபோகும். கடைத்தெரு 3 ஹெக்டேர், முக்கால்வாசிக்கு மேல் கூரையும் தரையும் கான்கிரீட். மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால் ஒரு ஹெக்டேரில் விழுவது வினாடிக்கு 167 லிட்டர். கொஞ்சம் மண்ணுக்குள் போனது போக, ஓடைக்கு 450 லிட்டர் வருகிறது என்று வையுங்கள். சூத்திரப்படி ஆழம் 58 செ.மீ. தான். மேலே 17 செ.மீ. இடம் மிச்சம். எஸ்டிமேட்டில் கையெழுத்து விழுந்துவிடும். பெரும்பாலான ஓடைகள் இப்படித்தான் பாஸ் ஆகின்றன.

ஆனால் மழையில் அங்கே போய் நின்றால் வேறு கதை. ஒரு கடைக்கார அண்ணாச்சி என்னிடம் சொன்னார்: "ஓடைக்குள்ள தண்ணி போகல்ல மக்களே, ஓடைக்க உள்ள இருந்துல்லா தண்ணி மேல வருது!" அவர் சொன்னதுதான் ஹைட்ராலிக்ஸ். ஆற்றில் வெள்ளம் ஏறியதும் தோடு நிறைகிறது, தோடு நிறைந்ததும் ஓடையின் வாய் மூழ்குகிறது. வாய் மூழ்கிய ஓடைக்குத் தரைச் சரிவை மட்டும் பார்க்கும் சூத்திரம் பதில் சொல்லாது.

அதே ஓடையின் வாயில் வெளித் தண்ணீர் ஓடையின் அடித்தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று போட்டுப் பாருங்கள். ஸ்லாப் மூடிய ஓடை இப்போது அழுத்தத்தில் ஓடும் பைப்பாகிவிடுகிறது. அதே 450 லிட்டரைத் தள்ள ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 24, 25 செ.மீ. உயரம் செலவாகும். 120 மீட்டர் மேலே உள்ள குழியில் (ஓடைத் துண்டுகள் சேரும் தொட்டியில்) மட்டம் என்ன? வாயில் 100 செ.மீ., உராய்வுக்கு 29 செ.மீ. கூட்டினால் 129. அங்கே ஓடையின் அடித்தரை 40 செ.மீ. உயர்ந்திருப்பதால் அதைக் கழிக்க, 89 செ.மீ. ஸ்லாப்பின் மேற்பரப்பு 85 செ.மீ.யில் இருந்தால் தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிட்டது. அளவும் அதே, மழையும் அதே. மாறியது ஓடையின் கடைசி மட்டம் ஒன்றுதான்.

இந்தக் கணக்கை நூறு குழிக்கு, நொடிக்கு நொடி மாறும் மழையோடு கையால் போட முடியாது. ஸ்விம் போடுகிறது. நன்றாகவே போடுகிறது.

எப்படிப் போடுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மொத்த வலையையும் அது இரண்டே விதமாகப் பார்க்கிறது: குழிகள், அவற்றை இணைக்கும் ஓடைகள். அதன் மொழியில் நோட், லிங்க். ஓடைகளில் ஓட்டத்தைக் கணக்கிடும், குழிகளில் மட்டத்தைக் கணக்கிடும். அடிப்படை, 1871இல் பிரெஞ்சுப் பொறியாளர் செயிண்ட் வெனான் எழுதிய சமன்பாடுகள். ஒன்று, தண்ணீர் எங்கும் காணாமல் போகக் கூடாது. இன்னொன்று, தண்ணீரை எது தள்ளுகிறது, எது தடுக்கிறது என்ற கணக்கு. ஓடையின் இரு முனைகளிலும் உள்ள மட்ட வித்தியாசம் தள்ளும். சுவரின் உராய்வு தடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரின் சொந்த வேகமும் இதில் சேரும். கீழ்க் குழியில் மட்டம் கூடினால் ஓட்டம் தானாகக் குறையும். இன்னும் கூடினால் பின்னோக்கியும் ஓடும். அண்ணாச்சி பார்த்தது இதைத்தான்.

குழியின் கணக்கு இன்னும் எளிது. ஒரு குழிக்கு வினாடிக்கு 450 லிட்டர் வருகிறது, 400 போகிறது. 5 வினாடியில் 250 லிட்டர், அதாவது கால் கன மீட்டர் மிச்சம். இது எவ்வளவு உயரம் ஏறும்? குழியின் பரப்பை மட்டும் எடுத்தால் தப்பான விடை வரும். அதனால் இணைந்திருக்கும் ஒவ்வொரு ஓடையின் பாதி நீளத்து நீர்ப்பரப்பையும் குழியின் பங்காக ஸ்விம் சேர்த்துக்கொள்கிறது. மேலே 40 மீட்டர், கீழே 60 மீட்டர் ஓடை என்றால் பாதிகள் சேர்ந்து 50 மீட்டர், 60 செ.மீ. அகலத்துக்கு 30 சதுர மீட்டர். கால் கன மீட்டரை 30ஆல் வகுத்தால் 8 மி.மீ. ஏற்றம். நிதானமான ஏற்றம்.

ஓடை மூடிவரை நிறைந்ததும் இந்த நிதானம் போய்விடும். குடத்தில் தண்ணீர் ஊற்றும்போது வயிறு நிறைய நேரமாகும், கழுத்துக்கு வந்ததும் சட்டென்று ஏறும் இல்லையா, அதே கதைதான். மூடிய ஓடைக்கு மேலே திறந்த நீர்ப்பரப்பு என்று எதுவும் இல்லை. இதைச் சமாளிக்க ஸ்விம்மில் இரண்டு வழி உண்டு. எக்ஸ்ட்ரான் என்ற பழைய வழியில், வருவதும் போவதும் சமமாகும்வரை மட்டத்தைத் திருத்திக்கொண்டே போகும். ஸ்லாட் என்ற இன்னொரு வழியில், ஓடையின் தலையில் மிகக் குறுகிய ஒரு பிளவு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளும். மட்டம் ஏற ஏற அது குறுகி, கடைசியில் ஓடை அகலத்தில் நூறில் ஒரு பங்காகும், நம் ஓடைக்கு 6 மி.மீ. அந்தப் பிளவின் பரப்பு 50 மீட்டருக்கு 0.3 சதுர மீட்டர்தான். அதே கால் கன மீட்டர் இப்போது 83 செ.மீ. ஏற்றத்தைக் காட்டும்! 5 வினாடியில் தண்ணீர் அப்படி ஏறாது. மட்டம் கொஞ்சம் ஏறியதுமே கீழே போகும் ஓட்டம் கூடிவிடும். அதனால் மென்பொருள் ஓட்டத்தையும் மட்டத்தையும் மாறி மாறித் திரும்பக் கணக்கிடுகிறது. பழைய விடையிலும் புதிய விடையிலும் பாதிப்பாதி எடுத்து, இரண்டு சுற்றுக்கு நடுவே வித்தியாசம் 1.5 மி.மீ.க்குள் வரும்வரை, அதிகபட்சம் 8 முறை. இந்த எண்கள் அதனுடைய வழக்கமான அமைப்பு, வேண்டுமானால் நாம் மாற்றலாம்.

அப்புறம் கால அளவு, அதாவது எத்தனை வினாடிக்கு ஒருமுறை கணக்குப் போடுகிறது என்பது. மழைக்காலத்தில் ரிசல்ட் கிராஃப் ரம்பப் பல்போல மேலும் கீழும் குதித்தால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஓர் அலை ஓடையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகும் நேரத்துக்குள் இந்தக் கால அளவு அடங்க வேண்டும். 10 மீட்டர் ஓடைத் துண்டில், 60 செ.மீ. ஆழத்தில் அந்த நேரம் 3 வினாடிக்கும் குறைவு. சர்வே பாயின்ட் ஒவ்வொன்றிலும் ஒரு குழி வைத்து ஓடையைத் துண்டு துண்டாக வரைந்துவிட்டு, 20 வினாடி கால அளவில் ஓட்டினால் கணக்கு ஆட்டம் காணும். கால அளவைத் தேவைக்கேற்பத் தானே சுருக்கிக்கொள்ளும் வசதி உள்ளே இருக்கிறது. அதை ஆன் செய்து வையுங்கள், துண்டுகளையும் முடிந்தவரை சேருங்கள்.

எனக்கு இந்த மென்பொருளில் மிகவும் பிடித்தது அதன் நேர்மை. ஒவ்வொரு ரன்னுக்கும் பின்னால் எவ்வளவு மழை வந்தது, எவ்வளவு மண்ணுக்குள் போனது, எவ்வளவு வாய் வழியாக வெளியேறியது, எவ்வளவு வெள்ளமாக வழிந்தது என்று வரிவரியாகக் கணக்குக் காட்டி, தன் கணக்கில் எத்தனை சதவீதம் பிசகு என்பதையும் அதுவே எழுதிவிடுகிறது. 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ரிசல்ட்டைச் சந்தேகப்பட வேண்டும் என்று அதன் கையேடே சொல்கிறது. நான் 2ஐத் தாண்டினாலே வாடிக்கையாளரிடம் கொடுப்பதில்லை. எந்தக் குழியில் பிசகு அதிகம், எந்த ஓடையில் கணக்கு ஆடுகிறது என்று பெயர் சொல்லியும் காட்டும். மூலநிரல் வெளிப்படையானது. காசு கொடுத்து வாங்கும் சில பெரிய மென்பொருள்களுக்குள் ஓடுவதும் இதே எஞ்சின்தான். பிசிஸ்விம் அப்படி ஒன்று, ஆட்டோடெஸ்க்கின் ஸ்டார்ம் அண்ட் சானிட்டரி அனாலிசிஸ் இன்னொன்று. முதல் பதிப்பு 1971இல் வந்தது. இப்போதைய 5ஆம் தலைமுறை அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்டது.

இனி மோசமான பக்கம். இதில் சில இடங்களில் உண்மையாகவே ஊர் மூழ்கும்.

முதலாவது, ஓடையின் வாய். அங்கே 'ஃப்ரீ' என்று விட்டுவிட்டால், தண்ணீர் தடையில்லாமல் கீழே விழுவதாக எடுத்துக்கொள்ளும். நம் உதாரண ஓடையில் வாய் மட்டம் 39 செ.மீ. என்று வரும். வெள்ள நாளில் அங்கே நிற்பது 1 மீட்டர். இடைவெளியைப் பாருங்கள்! நிலையான மட்டம், நேரத்துக்கு நேரம் மாறும் மட்டம், கடல் ஏற்றவற்றம் என எல்லாவற்றையும் கொடுக்க இடமிருக்கிறது. ஆறு கடலில் சேரும் தேங்காப்பட்டணம் பொழிமுகத்துக்குப் பக்கத்து ஓடைகளுக்கு ஏற்றவற்றம் கொடுத்தே ஆக வேண்டும். நம் கரையில் அது ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் 75 செ.மீ. ஓடைக்கு அதுவே பெரிய விஷயம். குழித்துறைப் பக்கம் என்றால் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் எவ்வளவு திறந்துவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஆற்று மட்டம் மாறும். மழை இங்கே ஓய்ந்த பிறகும் ஆறு இறங்காமல் நிற்கும். இதை மென்பொருள் தானாக அறிந்துகொள்ளாது. 2021 நவம்பர் வெள்ளத்தில் ஆற்றங்கரைத் தாழ்வான வீடுகளில் தண்ணீர் ஏறிய அடையாளம் பல சுவர்களில் இன்னும் இருக்கிறது. லெவல் கருவியை எடுத்துக்கொண்டு போய் அந்த அடையாளத்தை அளந்து வாய் மட்டமாகக் கொடுங்கள். அந்த ஓர் எண், மற்ற எல்லா உள்ளீட்டையும்விட விடையை அதிகம் மாற்றும். பேரூராட்சிக் கோப்புகளில் நான் பார்த்த டிசைன்களில் இந்த இடத்தில்தான் காலியாக 'ஃப்ரீ' என்று கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கீழே குடியிருக்கிறவர்களுக்கு அந்த ஒரு சொல்லின் விலை தெரியும்.

இரண்டாவது, வழிந்த தண்ணீர் எங்கே போகிறது என்பது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், குழியின் மட்டம் ரோட்டு மட்டத்தைத் தொட்டதும் ஸ்விம் அங்கேயே நிறுத்திவிடும். மிச்சத் தண்ணீர் கணக்கிலிருந்து வெளியே போய்விடும், திரும்பவே வராது. கீழே உள்ள ஓடைக்கு வர வேண்டிய சுமையும் குறைந்துவிடும், அது நன்றாக இருப்பதாகத் தோன்றும். பாண்டிங் என்ற அமைப்பை ஆன் செய்து, ஒவ்வொரு குழியைச் சுற்றியும் தண்ணீர் தேங்கும் பரப்பைக் கொடுத்தால், தேங்கி, ஓடையில் இடம் வந்ததும் மறுபடி இறங்கும். தட்டையான ஊருக்கு இது போதும். எங்கள் சரிவான ரோடுகளுக்குப் போதாது. இங்கே வழிந்த தண்ணீர் நிற்காது, ரோட்டோடு ஓடிப்போய் அடுத்த வளைவில் யார் வீட்டு முற்றத்திலோ இறங்கும். அதற்கு ரோட்டையே இன்னொரு ஓடையாக, கீழுள்ள ஓடைக்கு இணையாக வரைய வேண்டும். வேலை இரட்டிக்கும், ஆனால் வேறு வழியில்லை. தரையின் மேடுபள்ளத்தைப் பார்த்துத் தண்ணீரைப் பரப்பிக் காட்டும் இருபரிமாணக் கணக்கு இதில் கிடையாது. ஏலா முழுக்கத் தண்ணீர் பரவும் படம் வேண்டுமென்றால், அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவின் ஹெச்.இ.சி. ராஸ் பக்கம் போங்கள். அதுவும் இலவசம்தான்.

ரோடு என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், 5.2 பதிப்பில் வந்த நல்ல வசதி. ரோட்டிலிருந்து ஓடைக்குள் தண்ணீர் இறங்கும் துளைகளைத் தனியாகக் கணக்கில் எடுக்கலாம். நம் ஊர் ஸ்லாப் ஓடைகளில் இந்தத் துளை ஒரு பைப் துண்டு அகலத்துக்கு இருக்கும், அதையும் பிளாஸ்டிக் கவர் அடைத்திருக்கும். உள்ளே ஓடை பாதி காலியாக ஓட, மேலே ரோடு ஆறாக ஓடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழைய பதிப்பில் மழை நேராகக் குழிக்குள் விழுந்ததுபோலக் கணக்கு வரும். இப்போது துளையின் அளவையும் அடைப்புச் சதவீதத்தையும் கொடுத்தால் உள்ளே போவது எவ்வளவு, ரோட்டோடு தாண்டிப் போவது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுகிறது. பாறசாலைப் பக்கம் ஒரு லேஅவுட்டில் இதைப் போட்டுக் காட்டியபோது, ஓடையை அகலப்படுத்தக் கேட்ட உரிமையாளர் துளைகளைப் பெரிதாக்கிக் கம்பி வலை போடச் சம்மதித்தார். செலவும் குறைந்தது.

சின்னச் சின்னப் பொறிகள் இன்னும் உண்டு. குழியின் அதிகபட்ச ஆழத்தைப் பூஜ்யமாக விட்டால், ஓடையின் தலைதான் ரோட்டு மட்டம் என்று எடுத்துக்கொள்ளும். ஓடை நிறைந்த நொடியே வெள்ளம் என்று காட்டும். ஓட்டக் கணக்கு முறையில் கைனமேட்டிக் வேவ் இருந்தால் டைனமிக் வேவுக்கு மாற்றுங்கள். முதலாவது தரைச் சரிவை மட்டுமே பார்க்கும், பின்னோக்கி ஏறும் தண்ணீர் அதற்குத் தெரியவே தெரியாது. அலகு முதலில் கன அடியில் இருக்கும், எதையும் டைப் செய்வதற்கு முன்னால் மெட்ரிக்குக்கு மாற்றிவிடுங்கள். கிராஃப் 15 நிமிடத்துக்கு ஒரு புள்ளிதான் போடும், நடுவில் வந்துபோன உச்சம் அதில் தெரியாது. உச்சத்துக்குச் சம்மரி அட்டவணையைப் பாருங்கள். ஓடையில் 15 செ.மீ. மண் படிந்திருக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது. ஓடையின் அடித்தரையை உயர்த்தி, ஆழத்தைக் குறைத்துக் காட்ட வேண்டியது நம் வேலை.

மழை உள்ளீட்டிலும் ஒரு சிக்கல். வானிலைத் துறையின் அன்றாட மழை அளவு காலை 8.30இலிருந்து மறுநாள் 8.30 வரை சேர்ந்த ஒரே எண். 24 மணி நேரத்துக்கு 100 மி.மீ. என்று அதைச் சமமாகப் பரப்பிக் கொடுத்தால் எந்த ஓடையும் நிறையாது. அதே 100 மி.மீ. இரண்டு மணி நேரத்தில் கொட்டினால் கடைத்தெரு ஓடைக்கு அது எமன். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவான மழை அளவு கிடைத்தால் மட்டுமே நம்பி ஓட்டுங்கள். கிடைக்காவிட்டால் வடிவமைப்பு மழையை, அதாவது டிசைனுக்காக நேரத்துக்கு நேரம் பிரித்து எழுதும் மழையை, உருவாக்கிக் கொடுங்கள்.

திரையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. விண்டோஸில் மட்டும் ஓடும். பழைய காலத்துத் தோற்றம். அன்டூ கிடையாது, அதனால் அடிக்கடி வேறு பெயரில் சேமியுங்கள். வரைபடத்தைப் பின்னால் படமாகத்தான் வைக்க முடியும். ஆனால் முழு மாடலும் சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. நோட்பேடில் திறந்து திருத்தலாம், எக்செலிலிருந்து குழிகளை மொத்தமாக ஒட்டலாம். பைத்தான் தெரிந்தவர்களுக்குப் பைஸ்விம் இருக்கிறது. எங்கள் அலுவலகத்துப் பழைய லேப்டாப்பிலும் தடுமாறாமல் ஓடுகிறது.

லட்சக்கணக்கில் லைசன்ஸ் கட்ட முடியாத சிறிய அலுவலகங்களுக்கும், பேரூராட்சிப் பொறியாளர்களுக்கும், பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன். ஐந்துக்கு நாலரை. அந்த அரை மதிப்பெண் ரோட்டில் ஓடும் தண்ணீருக்காகக் குறைத்தது. தொடங்குகிறவர்கள் பெரிய ஊரை எடுக்காதீர்கள். உங்கள் தெரு ஓடையில் ஐந்தாறு குழியை மட்டும் வரையுங்கள். வாய் மட்டத்தை முதலில் 'ஃப்ரீ' என்று வைத்து ஒரு ரன், அப்புறம் வெள்ள அடையாள உயரத்தில் வைத்து இன்னொரு ரன். இரண்டு ப்ரொஃபைல் படத்தையும் (ஓடையைப் பக்கவாட்டில் வெட்டித் தண்ணீர் மட்டம் காட்டும் படம்) அச்செடுத்து, அடுத்த கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ கவுன்சிலர் கையில் கொடுங்கள்.